மைக்கா வைக்காத டிரையாக்

முதன்முதலாக என்னைத் தனியாக வெளிவேலைக்கு அனுப்பிய நாளில், என் கை வேலையால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்க வேண்டியது. மோட்டார், ரெகுலேட்டர், ஸ்டெபிலைசர் என்று காலமெல்லாம் பழுது பார்த்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் அனுபவம் கேட்டால், நல்லபடியாக முடிந்த வேலைகளைத்தான் சொல்லிவந்தேன். இதை அன்றைக்கு அங்கே இருந்தவர்களையும் எங்கள் கடையையும் தாண்டி யாரிடமும் சொன்னதில்லை. எழுதவாவது செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1. நாப் எங்கே இருந்தாலும் ஃபுல் ஸ்பீடு

எங்கள் ஊர் காரவள்ளிக்குப் பக்கம், மலை அடிவாரம். அப்பா சொந்தக் காட்டில் மரவள்ளியும் சோளமும் போட்டார். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு நாமக்கல்லில் ரங்கசாமி அண்ணனின் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கடையில் நான் ஒருத்திதான் பெண். மூன்று வருடமாக மிக்ஸியும் ஃபேன் ரெகுலேட்டரும் தையல் மெஷின் மோட்டாரும் என் மேஜைக்கு வரும், போகும். வெளிவேலைக்கு ஆண்கள்தான் போவார்கள்.

கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான மரவேலைப் பயிற்சிக்கூடம் ஒன்று இருந்தது. ஸ்டெல்லா டீச்சர் என்று சேலத்துக்காரர் அங்கே பயிற்சியாளர். அரசாங்க வேலையில் மலைக்கு மாற்றலாகி வந்தவர். அவர்தான் பூத்திலிருந்து கடைக்கு போன் செய்தார்.

"ஏனுங்க, ஸ்க்ரோல் சா மெஷினுங்க. நாப்பை எங்க திருப்பி வெச்சாலும் ஒரே வேகமா ஓடுது. பிளேடு பட்டு பட்டுனு ஒடையுதுங்க. நேத்து ஒண்ணு தெறிச்சு ஒரு பொண்ணு கன்னத்தைக் கிழிச்சிருச்சு. யாரும் கிட்டயே போக மாட்டேங்கறாங்க."

ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய ரம்பம். நூல் மாதிரி பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவு வளைவாக வெட்டும். அங்கே பால்வாடிக் குழந்தைகளுக்கு மர எழுத்துகள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 'ஐ', 'ஞ' போன்ற சுழியெல்லாம் மெதுவாக ஓட்டினால்தான் வரும். அதற்குத்தான் அதில் ஸ்பீடு கன்ட்ரோல்.

ரங்கசாமி அண்ணன் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "டிரையாக் ஷார்ட் ஆயிருக்கும் அம்மணி. வேறொண்ணும் இருக்காது." டிரையாக் என்பது மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பாகம்; அது ஷார்ட் ஆனால் மெஷின் முழு வேகத்தில்தான் ஓடும்.

மற்ற இருவரும் திருச்செங்கோட்டில் வேலையாக இருந்தார்கள். அது பெண்கள் இருக்கும் இடம். பஸ்ஸும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால் என்னை அனுப்ப மனம் வந்தது அவருக்கு. ஒரு புது டிரையாக்கையும், மைக்காவும் புஷ்ஷும் போட்டுப் பின் அடித்த ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையையும் கையில் கொடுத்தார்.

"அந்த மெஷின்ல இருக்கற டிரையாக்குக்கு முதுகு இன்சுலேட் பண்ணிருக்கும். அப்படியே பாடியில வெச்சு முடுக்கிருப்பாங்க. நம்ம கடையில இருக்கறது அப்படி இல்ல. இதோட முதுகுத் தகட்டுலயே கரண்ட் இருக்கும். மைக்காவும் புஷ்ஷும் போட்டுத்தான் முடுக்கோணும். மறந்துராத."

"செரிங்கண்ணா" என்றேன். மைக்கா என்பது கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய தகடு. சூட்டை விடும், கரண்ட்டை விடாது. புஷ் என்பது ஸ்க்ரூவில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம். இதெல்லாம் எனக்குப் படிக்கும்போதே தெரியும். மறப்பேன் என்று அவர் நினைத்ததே எனக்குக் கொஞ்சம் ரோஷமாக இருந்தது.

2. பலகை மேல் நின்று செய்த வேலை

நான் போய் இறங்கியபோது செம்மேடு மூடுபனியில் கிடந்தது. இரண்டு நாளாகத் தூறல். பயிற்சிக்கூடம் என்பது ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஷெட். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. உள்ளே சிமென்ட் தரை முழுக்க ஈரக் கால் தடம். எட்டுப் பெண்களும் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார்கள். மெஷின் நடுவில் தனியாக இருந்தது, கடிக்கிற மாட்டைக் கட்டிவைத்த மாதிரி.

கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தவர் பொன்னம்மாள். பைல் நாடு என்ற மலைக் கிராமத்திலிருந்து தினமும் வருபவர். நாற்பது வயது இருக்கும்.

"இனி அடங்குமா அம்மணி?" என்று கேட்டார்.

"அடங்குமுங்க."

"பார்த்துச் சொல்லு. கண்ணுல பட்டிருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்?"

எனக்கு அப்போதே உள்ளுக்குள் பயம்தான். எனக்குப் பின்னால் எட்டுப் பேரும் டீச்சரும். பக்கத்தில் கேட்டுக்கொள்ள அண்ணன் இல்லை. நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. தரை ஈரமாக இருந்ததால் ஓரத்தில் அடுக்கியிருந்த ஒரு பலகையை இழுத்துப் போட்டு, அதன் மேல் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். கவரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். டிரையாக் ஷார்ட். அண்ணன் சொன்னது சரி. நாப்பின் அடியில் இருக்கும் பாட் நன்றாக இருந்தது, போர்டில் வேறு எதுவும் கருகவில்லை.

பழையதை எடுத்துப் புதியதை சால்டர் செய்யும்போது மணி ஒன்றே கால். ஒன்றே முக்காலுக்கு பஸ். அதை விட்டால் சாயங்காலம்தான். முதல் வெளிவேலையிலேயே நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், அம்மா மறுநாளே வேலையை விடச் சொல்வார். கை வேகமாக ஓடியது. டிரையாக்கைப் பழைய இடத்தில், பழைய துளையில், பழைய ஸ்க்ரூவை வைத்தே முடுக்கினேன். கவரை மூடினேன்.

ஓடவிட்டேன். நாப்பைத் திருப்பத் திருப்ப பிளேடு சொன்னபடி கேட்டது. மெதுவாக வைத்தால் பல் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பலகைத் துண்டை வைத்து ஒரு சுழி வெட்டிக் காட்டினேன். நான் பிடித்தது பலகையை, தொட்டது பிளாஸ்டிக் நாப்பை. மெஷினின் இரும்பில் என் விரல் படவே இல்லை.

பெண்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் என் தோளைத் தட்டி, "பொம்பளைப் புள்ளய அனுப்பறாங்களேன்னு நெனச்சேன். ஜோரா செஞ்சுட்டீங்க" என்றார்.

கிளம்பும்போது சுவரோரம் எர்த் கம்பி அறுந்து தொங்குவதைப் பார்த்தேன். "இதை மாட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேங்க" என்றார். எர்த் சரியாக இருந்திருந்தால் நான் ஸ்விட்ச் போட்ட உடனே ஃபியூஸ் போயிருக்கும். என் தப்பு எனக்கு அங்கேயே தெரிந்திருக்கும்.

பஸ் ஹாரன் கேட்டது. நான் நின்றிருந்த பலகையைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே அடுக்கிவிட்டு ஓடினேன்.

3. உறை

சோளக்காடு தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். மொத்தம் எழுபது கொண்டைஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். எழுபதில் தொடங்கி எண் குறைந்துகொண்டே வரும். முன் சீட்டில் ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். எனக்கும் வயிற்றைப் பிரட்டியது. முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். பைக்குள் கையை விட்டுத் துழாவினேன்.

கையில் வந்தது பிளாஸ்டிக் உறை. ஸ்டேப்ளர் பின் அடித்தது அடித்தபடியே இருந்தது. உள்ளே மைக்கா. உள்ளே புஷ்.

ஒரு நிமிடம் எனக்கு எதுவும் புரியவில்லை. அண்ணன் இரண்டு செட் கொடுத்திருப்பாரோ என்று யோசித்தேன். இல்லை. ஒரே உறைதான் கொடுத்தார். டிரையாக்கின் முதுகு நேராக மெஷினின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் போட்டால் மெஷின் முழுக்கக் கரண்ட். தரை ஈரம். எர்த் இல்லை. எட்டுப் பேரும் வெறுங்கால். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு வகுப்பு. மணி பார்த்தேன், இரண்டரை ஆகப்போகிறது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

கண்டக்டர் வந்தார். "வாந்தியா? ஜன்னல் பக்கம் போம்மா."

"எறங்கோணுங்க. மேல போகோணும்."

"இங்க எறங்கி என்னம்மா பண்ணுவ? நடுக் காடு. கீழ போயி அடுத்த பஸ்ஸுல வா."

"ஆளு செத்துருவாங்க!"

அவர் உடனே விசில் அடித்தார். நான் இறங்கிய இடத்தில் பலகை ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

பஸ் சத்தம் கீழே போய் மறைந்தது. பனி ரோட்டை மூடியது. நான் மேல்நோக்கி ஓடினேன். ஒரு வளைவு, இரண்டு வளைவு. நெஞ்சு எரிந்தது. நடந்தேன். திரும்ப ஓடினேன். மனது மட்டும் அந்த ஷெட்டுக்குள் இருந்தது. யார் முதலில் ஸ்விட்ச் போடுவார்? யார் இடது கையை மெஷின் மேல் ஊன்றிக்கொண்டு பிளேடு மாட்டுவார்? ஒவ்வொரு முகமாக வந்து போனது. நடுவில் ஒரு கேவலமான எண்ணமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே ஏதாவது ஆகியிருந்தால் இப்படியே கீழே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததும் இன்னும் வேகமாக ஓடினேன்.

நான்காவது வளைவில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. கையை விரித்து நடு ரோட்டில் நின்றேன்.

"சாவறதுக்கு என் லாரிதான் கெடச்சுதா?" என்று திட்டிக்கொண்டே டிரைவர் கதவைத் திறந்தார். ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் லாரியைப் பின்னால் எடுத்து, ஒடித்து, திரும்ப ஏற்றினார். அந்த ஒவ்வொரு தடவையும் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லையா கண்ணு?" என்று கேட்டார் அவர்.

"தெரியலீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு செம்மேடு வரை அவர் வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

4. "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்"

ஷெட்டு வாசலில் செருப்புகளை எண்ணினேன். ஐந்து ஜோடிதான் இருந்தது.

உள்ளே யாரும் வேலை செய்யவில்லை. மெஷின் நின்றிருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. ஸ்டெல்லா டீச்சர் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலீங்களா?" என்றார் டீச்சர்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"பொன்னம்மாளுக்கு ஷாக் அடிச்சிருச்சுங்க. தூக்கி எறிஞ்சிருச்சு. விழுகும்போது ஒயர் கால்ல சிக்கிப் பிளக்குப் புடுங்கிருச்சு, அதனால பொழச்சா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

பொழச்சா என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் பொன்னம்மாளை நடத்திக் கூட்டி வந்தார்கள். நர்ஸ் பார்த்து, நெஞ்சுத் துடிப்பு சரியாக இருக்கிறது, ஓய்வெடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். வலது கையின் இரண்டு விரல் நுனியில் வெள்ளையாகக் கொப்புளம். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தார். பயத்தில் வந்த கோபம் அது. "எத்தன தடவை சொல்லிருக்கேன்? ஈரக் கையோட தொட்டா அப்படித்தான். சாப்பிட்டுக் கை கழுவுனா தொடைக்கறதில்ல. புது மெஷின் மாதிரி செஞ்சு குடுத்துட்டுப் போனாங்க இந்தப் புள்ள."

பொன்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "தொடச்சுட்டுத்தானுங்க டீச்சர் போனேன். சரியாத் தொடைக்கலையோ என்னமோ" என்றார்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான் ஏன் திரும்பி வந்தேன் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எதையோ மறந்துவிட்டேன், எடுக்க வந்தேன் என்று சொல்லி, மெஷினைத் திறந்து மைக்காவை வைத்து மூடிவிட்டுப் போயிருக்கலாம். ரங்கசாமி அண்ணனுக்கும் தெரிந்திருக்காது. அந்த உறை என் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அவங்க மேல தப்பில்லீங்க" என்றேன். "நாந்தான். இதை வைக்க மறந்துட்டேன்."

உறையைப் பிரித்து மைக்காவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். எது எங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன்.

"இத்துனூண்டு தகடா?" என்றார் ஒரு பெண்.

ஸ்டெல்லா டீச்சரின் முகம் மாறிவிட்டது. "என் பொறுப்புல எட்டுப் பேரு இருக்காங்க. அதுல ஒருத்தி செத்திருந்தா அவ புள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்த மெஷினை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இனி வேண்டாம்."

"எடுத்துட்டுப் போறேனுங்க" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்றார் பொன்னம்மாள். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். "அது போயிட்டா மறுபடி கை ரம்பந்தான். போன மழைக்கு இழுத்த இழுப்புல தோளு இன்னும் வலிக்குது. ஒழுங்காச் செஞ்சு குடுக்கச் சொல்லுங்க."

5. வெறுங்கால்

இரண்டாம் முறை அந்த மெஷினைத் திறந்தேன். பிளக் தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாலும் மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். டிரையாக்கைக் கழற்றினேன். தகட்டைத் துடைத்தேன். மைக்காவை வைத்தேன், ஸ்க்ரூவில் புஷ்ஷை மாட்டினேன், முடுக்கினேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரையாக்கின் முதுகுக்கும் பாடிக்கும் தொடர்பில்லை. அறுந்த எர்த் கம்பியை நானே சீவி, வெளியே இருந்த எர்த் பைப்பில் முறுக்கிக் கட்டினேன். பிளக்கைச் சொருகி, ஓடவிட்டு, டெஸ்டரை பாடியில் வைத்தேன். பிறகு பக்கத்து சாக்கெட்டில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. திரும்ப பாடியில் வைத்தேன். எரியவில்லை.

"இப்ப ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

பொன்னம்மாள் கிட்டே வரவில்லை. "அப்பவும் அப்படித்தான சொன்ன?" என்றார்.

நான் டெஸ்டரை மறுபடி பாடியில் வைத்துக் காட்டினேன்.

"செருப்பைக் கழட்டு. எங்களாட்டம் வெறுங்கால்ல நில்லு. நின்னு தொடு."

மீட்டர் சொல்லிவிட்டது. டெஸ்டர் சொல்லிவிட்டது. சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரச் சிமென்டில் பாதத்தை வைத்தபோது ஏற்பட்ட பயம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முகம் நினைவுக்கு வந்தது. கொப்புளம் கட்டிய அந்த விரல்களைப் பார்த்தேன். புறங்கையை முதலில் லேசாக வைத்தேன்.

குளிர்ந்த இரும்பு. மோட்டாரின் அதிர்வு மட்டும் கையில் தெரிந்தது. பிறகு உள்ளங்கையை முழுவதும் வைத்தேன்.

"எடுக்காத. அப்படியே வெச்சிரு" என்றார் பொன்னம்மாள்.

வைத்திருந்தேன். அவர் மெதுவாக நடந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, காயம் படாத இடது கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ரங்கசாமி அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மைக்காவை மறந்தது ஒண்ணு. டெஸ்டர் வெக்காம வந்த பாரு, அது ரெண்டாவது. மொதலாவது யாருக்கும் வரும். ரெண்டாவது வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து எர்த்தை நிரந்தரமாக மாட்டியாயிற்றா என்று பார்த்துவர என்னையேதான் செம்மேட்டுக்கு அனுப்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஓடும்போது அதைத் தொடப்போகிறவர் எங்கே நிற்பார், காலில் என்ன போட்டிருப்பார், கை ஈரமாக இருக்குமா என்று பாருங்கள். மீட்டர் வையுங்கள், டெஸ்டர் வையுங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், அவர் நிற்கிற இடத்தில் நின்று நீங்கள் முதலில் தொடுங்கள். அப்படித் தொட உங்களுக்குப் பயமாக இருந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.